சீலிங்: உச்சவரம்பா, கூரையா, மச்சா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வான்போக்குவரத்து வானிலைச் சொற்பட்டியலில் ‘சீலிங்’ என்பதற்கு நேரே ‘மேக உச்சவரம்பு’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். பட்டியல் தொகுத்தவரின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொல்லை இப்படியே விட்டால் பொருள் தலைகீழாகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமான நிலையங்களில் மேகத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஓய்வுபெற்றுப் பள்ளத்தூரில், பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன பெரிய வீட்டின் ஒரு மூலையில் குடியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்சவரம்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம். இதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை. ‘மேக உச்சவரம்பு 800 அடி’ என்று படிக்கும் மாணவன், மேகம் 800 அடியோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேலே நல்ல வெயில் என்றுதான் நினைப்பான். நடப்பது நேர்மாறு. 800 அடியில்தான் மேகம் தொடங்குகிறது. இறங்கி வரும் விமானிக்கு அதைத் தாண்டிக் கீழே வந்த பிறகுதான் தரை கண்ணில் படும்.

உச்சவரம்பு என்ற சொல்லை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விமானம் எவ்வளவு உயரம் வரை ஏறும் என்பதையும் ஆங்கிலத்தில் சீலிங் என்றே சொல்கிறார்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 100 அடியாகச் சுருங்கிவிடும் உயரம் அது. அந்த இடத்தில் உச்சவரம்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக் குழப்பினால், நாமும் அப்படியே குழப்ப வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்து ‘மேகக் கூரை’. இதைச் சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கூரை என்றால் நமக்கு ஓடும் கீற்றும்தான். மழை விழுவது அதன் மேல். காக்கை உட்காருவதும் அதன் மேல். ‘கூரை ஏறிக் கோழி பிடிக்க’ என்ற பழமொழியில் வரும் ஆளும் மேலேதான் ஏறுகிறார். விமானிக்கு வேண்டியது வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் பக்கம்.

இனி, இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு. வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில், வட்டிக்கடைக் கணக்குப் படித்து வளர்ந்த எனக்கு இது தாத்தாவின் கீழ்வாய் இலக்கமாகவே, அதாவது பழைய பின்னக் கணக்காகவே தெரிந்தது. எட்டில் ஒன்று அரைக்கால். கால் வரை இருந்தால் ‘சொற்பம்’, காலே அரைக்கால் முதல் அரை வரை ‘சிதறல்’, அரையே அரைக்கால் முதல் முக்காலே அரைக்கால் வரை ‘முறிவு’, முழுசும் மூடினால் ‘முழுமூட்டம்’. விமான நிலையங்கள் வெளியிடும் சர்வதேச வானிலை அறிக்கையான மெட்டாரில் வருவதும் இதே நான்கு வகைதான். ஊசிக்காது அளவு நீலம் தெரிந்தாலும் எட்டு போடக்கூடாது, ஏழுதான் போட வேண்டும். ‘முக்காலே மூன்று வீசம்’ (பதினாறில் பதினைந்து பங்கு) என்று பேச்சில் சொல்வோமே, அந்த வானத்துக்கும் ஏழுதான்.

இந்த எட்டில் பாதியைத் தாண்டி மறைக்கும் மேக அடுக்குகளில், 20,000 அடிக்குக் கீழே இருப்பனவற்றுள் தாழ்ந்தது எதுவோ, அதன் கீழ்ப்பரப்பின் உயரமே சீலிங். 600 அடியில் எட்டில் மூன்று பங்கு கந்தல் மேகம், 2,000 அடியில் எட்டில் ஆறு பங்கு மேகம் என்று வைத்துக்கொள்வோம். மிகத் தாழ்ந்த மேகம் 600 அடியில். சீலிங் 2,000 அடியில். ஆகவே ‘மேகத்தின் கீழ்மட்டம்’ வேறு, இது வேறு. (கீழ்மட்டத்துக்கு ‘மேக அடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மேக அடி 600 அடி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.)

இந்த வேறுபாடு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் இருக்கும் விமான நிலையத்தில் சீலிங் 1,500 அடிக்குக் குறைந்தாலோ, தரையில் பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலோ, கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி ஏறவோ இறங்கவோ கட்டுப்பாட்டாளர் தனி அனுமதி தர வேண்டும். 600 என்று குறிப்பதா, 2,000 என்று குறிப்பதா என்பதில் ஒரு சிறிய பயிற்சி விமானத்தின் காலைப்பொழுதே அடங்கியிருக்கிறது.

என் பரிந்துரை: ‘முகில்மச்சு’. நம் பக்கத்து வீடுகளில் உத்தரத்தின் மேல் குறுக்குக் கட்டை போட்டு, அதன் மேல் பர்மாத் தேக்குப் பலகை பாவியிருப்பார்களே, அந்த மச்சு. இரண்டு பலகை பெயர்ந்து போனாலும் அது மச்சுதான். இரண்டே பலகை மட்டும் கிடந்தால் அதை யாரும் மச்சு என்று சொல்லமாட்டார்கள். பாதிக்கு மேல் மூடியிருக்க வேண்டும் என்ற இலக்கணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சிறிய சொல், ஊர்ச் சொல். வேறென்ன வேண்டும்?

— பள்ளத்தூரிலிருந்து

*

அண்ணன் அவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உச்சவரம்பை நீங்கள் வீழ்த்தியது சரி. ஆனால் அதே கத்தி மச்சையும் வெட்டுகிறதே! நான் வாழ்க்கைப்பட்டது மதுரைப் பக்கம். அங்கே ‘வெங்காயத்தை மச்சில் போட்டிருக்கிறேன்’ என்பார்கள், ‘மச்சில் படுத்திருக்கிறார்’ என்பார்கள். மச்சு என்பது ஏறிப்போகும் இடம், அதாவது மேல்தளம். நேற்று வகுப்பில் பலகையில் ஒரு மேகத்தை வரைந்து, ‘முகில்மச்சு எங்கே?’ என்று கேட்டேன். பாதிப் பேர் மேகத்தின் தலைக்கு மேலே விரலைக் காட்டினார்கள். எல்லோரும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தாம்.

ஒரு சொல் இங்கேயே பக்கத்தில் இருக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகையில் தாமரைக்குளம் தீட்டப்பட்டிருக்கும் இடத்தை எப்படிச் சொல்கிறோம்? விதானம். ‘விதானத்து ஓவியம்’ என்றால், பாறையின் மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழந்தைகூட நினைக்காது. கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போம். ‘முகில்விதானம்’ என்றே வைத்துக்கொள்ளக் கூடாதா?

இன்னொரு கேள்வி. மூடுபனி தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது கீழ்ப்பரப்பு என்று ஒன்றே கிடையாதே, அப்போது என்ன எழுதுவீர்கள்?

*

தேவகோட்டையிலிருந்து: விதானம் வடசொல். மேகத்தைத் தள்ளி முகிலைக் கொண்டுவந்தவர்கள், கூடவே விதானத்தைக் கூட்டி வருவது என்ன முறை? சாமி புறப்பாட்டில் தலைக்கு மேலே பிடிக்கும் துணிக்கும், மணவறைக்கு மேலே கட்டும் துணிக்கும் ‘மேற்கட்டி’ என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. கீழே இருப்பவருக்காகவே கட்டப்படுவது அது. முகில்மேற்கட்டி என்று வையுங்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும் விமானியும் ஆங்கிலத்தில்தானே பேசிக்கொள்கிறார்கள்? இந்தச் சொல் யாருக்கு?

*

தங்கைக்கும் தேவகோட்டை ஐயாவுக்கும்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வானொலியில் தமிழ் பேச வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அங்கே எல்லோரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் சொல்வதில்தான் உயிர் இருக்கிறது. நம் சொல் பாடநூலுக்கும் செய்தித்தாளுக்கும். திருச்சியிலோ மதுரையிலோ இறங்க வேண்டிய விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டால், மறுநாள் செய்தியில் ‘மோசமான வானிலை காரணமாக’ என்று மட்டும் இருக்கும். காற்றா, பனியா, தாழ்ந்த மேகமா? எழுதியவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல ஒரு சொல் இல்லை.

மூடுபனிக் கேள்வி நல்ல கேள்வி. வானமே தெரியாதபடி மறைந்திருந்தால் மேக அடுக்கை விட்டுவிட்டு, நேர் மேலே எவ்வளவு தூரம் கண் போகிறது என்பதைக் குறிப்போம். அதைச் ‘செங்குத்துப் பார்வைத் தொலைவு’ என்று எழுதினால் போதும், புதுச்சொல் தேவையில்லை.

அளப்பது பற்றித் தனியாகவும் ஒருவர் கேட்டிருந்தார். இன்று லேசர்க் கருவி ஒன்று மேல்நோக்கி ஒளித்துடிப்பை அனுப்பிவிட்டு, அது மேகத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. போய்வர ஒரு மைக்ரோ விநாடி ஆனால் மேகம் 150 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 500 அடியில் இருக்கிறது. முன்பு பகலில் பலூன் விடுவோம். அது ஏறும் வேகம் தெரியும். எத்தனையாவது விநாடியில் மேகத்துக்குள் மறைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். இரவில் ஒரு விளக்கை நேர் மேலே அடித்துவிட்டு, தள்ளி நின்று, மேகத்தில் விழும் ஒளிப்பொட்டின் கோணத்தைப் பார்ப்போம். கோணம் 45 பாகையாக இருந்தால், விளக்குக்கும் நமக்கும் உள்ள தூரமே மேகத்தின் உயரம். எட்டாம் வகுப்புக் கணக்கு. இருட்டில், கொசுக்கடியில் போடும்போது அது கல்லூரிக் கணக்காகிவிடும்!

கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிற்பகலில் பஞ்சுப்பொதி போலக் கிளம்பும் மேகங்களுக்கு மட்டும்: காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டை, ஒரு பாகை செல்சியஸுக்கு 400 அடி என்று பெருக்குங்கள். 35 பாகை வெப்பம், பனிநிலை 23 என்றால் கீழ்மட்டம் 4,800 அடி. வாடைக்காற்றுக் காலத்து அடைமழை மேகத்துக்கு இதைப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை, இது பாடநூல் எழுதுவோருக்கு. அறிக்கையில் வரும் மேக உயரம் விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது. கடல்மட்ட அழுத்தத்துக்குத் திருத்தி வைத்த உயரமானி காட்டுவது கடல்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம். பெங்களூரு விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 800 அடியில் மேகம் என்றால், மேகத்திலிருந்து வெளியே வரும்போது உயரமானி ஏறக்குறைய 3,800 காட்டும். சொல்லை எவ்வளவு அழகாக ஆக்கினாலும், எங்கிருந்து அளந்த உயரம் என்று எழுதாவிட்டால் பயனில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மச்சை விட்டுவிடுகிறேன். மனசில்லாமல்தான். தங்கையின் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் அப்பத்தாவிடம், ‘மச்சு எங்கே இருக்கிறது?’ என்று கேட்டேன். தொண்ணூறு வயது. படுத்தபடியே, ‘மேலேதான், ஏறிப் போய்ப் பார், உன் தாத்தா பெட்டி இருக்கும்’ என்று சொன்னார். உச்சவரம்பு மேகத்தின் தலையைக் காட்டுகிறது என்று குற்றம் சாட்டிய நானே, தலையைக் காட்டும் இன்னொரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மேற்கட்டிக்கு நான் எதிரி அல்லன். ஆனால் அது நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிய துணி, அவிழ்த்து மடித்துவைக்கும் பொருள். ‘முகில்மேற்கட்டி தாழ்ந்தது’ என்றால் கயிறு தளர்ந்ததுபோல ஒலிக்கிறது. விதானம் வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கீழிருந்து மட்டுமே பார்க்கும் பரப்பு என்ற பொருள், நான் தேடிய வரையில், வேறெந்தச் சொல்லிலும் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. மேற்கட்டியை இணைச்சொல்லாகப் போடுவதில் எனக்குத் தடையில்லை. ஐயா கோபித்துக்கொண்டால் பலகாரத்தோடு தேவகோட்டைக்கு வருகிறேன்.

பட்டியலில் இப்படித் திருத்தலாம்:

முகில்விதானம்: வானத்தில் பாதிக்கு மேல் மறைப்பதும் 20,000 அடிக்குக் கீழே இருப்பதுமான மேக அடுக்குகளுள் மிகத் தாழ்ந்ததன் கீழ்ப்பரப்பு, தரையிலிருந்து இருக்கும் உயரம். இணைச்சொல்: முகில்மேற்கட்டி. விமானத்தின் ஏறுதிறன் எல்லைக்கு ‘உச்சவரம்பு’ என்ற தனிப் பதிவைப் பார்க்க.

போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன செட்டிநாட்டு ஓடுதளத்தின் பக்கம் இன்று காலை நடந்துவிட்டு வந்தேன். பழைய பழக்கம், அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுமார் 1,000 அடியில் எட்டில் இரண்டு, 2,500 அடியில் எட்டில் ஐந்து. கண் மதிப்புத்தான். முகில்விதானம் 2,500 அடி.

— பள்ளத்தூரிலிருந்து