சர்வர் செட்டிங் மாற்றும் உரிமையை டெவலப்பர்களுக்குக் கொடுக்கலாமா?

இரவுப்பணி:
எங்கள் போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ் சர்வரில், சர்வர் முழுவதற்குமான எந்த செட்டிங்கைத் தொடுவதென்றாலும் சூப்பர்யூசர்தான் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) வர வேண்டும். ராத்திரியில் ஆப் திணறும்போது டெவலப்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மெதுவான குவெரிகளை லாக்கில் எழுதும் வரம்பை, அதாவது லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்டை, கொஞ்ச நேரத்துக்குக் குறைக்க வேண்டும். இதற்காக டிபிஏவை (டேட்டாபேஸ் நிர்வாகியை) தூக்கத்தில் எழுப்புகிறோம். ஒரே ஒரு பாராமீட்டருக்கு (செட்டிங்குக்கு) மட்டும் உரிமை கொடுக்கும் வசதி 15ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டதாகப் படித்தேன். கொடுத்துவிடலாமா?

திறவுகோல்:
தாராளமாக. அதில் இரண்டு வகை உண்டு. செட் உரிமை கொடுத்தால் அந்த ஆள் தன் செஷனுக்குள் (தன் ஒரு கனெக்ஷனுக்குள்) மாற்றிக்கொள்ளலாம். ஆல்டர் சிஸ்டம் உரிமை கொடுத்தால் சர்வர் முழுவதற்கும் மாற்றலாம். இரண்டாவதற்கு, மாற்றம் அமலுக்கு வர, செட்டிங் ஃபைலை மறுபடி படிக்கவைக்கும் பிஜி_ரீலோட்_கான்ஃப் ஃபங்ஷனை இயக்கும் உரிமையும் தனியாகத் தர வேண்டும்.

15க்கு முன்னால் பல இடங்களில் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் சூப்பர்யூசர் பாஸ்வேர்டையே கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்யூசர் நினைத்தால் சர்வரில் ஓஎஸ் கமாண்டே ஓட்டலாம். ஒரு லாக் வரம்பை மாற்ற அவ்வளவு அதிகாரம் எதற்கு?

கறார்கணக்கு:
கூடாது என்பேன். அந்த கிராண்ட் (உரிமை வழங்கல்) பாராமீட்டரின் பெயரைத்தான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. 500 மில்லிசெகண்ட் வைக்க உரிமை உள்ளவருக்கு 0 வைக்கவும் உரிமை உண்டு. 0 என்றால் ஒவ்வொரு குவெரியும் லாக்கில் போய் விழும். லாக்கும் வாலும் (WAL, டேட்டாபேஸ் தன் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) ஒரே டிஸ்க்கில் இருந்தால், லாக் அதை நிரப்பிய மறு நிமிடம் டேட்டாபேஸும் படுத்துவிடும்.

அடுத்தது, ஆல்டர் சிஸ்டம் எழுதுவது ஆட்டோ.கான்ஃப் என்ற தனி ஃபைலில். மெயின் கான்ஃபிக் ஃபைலில் என்ன இருந்தாலும் அதை இது மீறிவிடும். நீங்கள் மெயின் ஃபைலை கிட்டில் (Git, ஃபைல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வைத்து ஒழுங்காகப் பராமரிப்பீர்கள். யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி ஆட்டோ.கான்ஃபில் உட்கார்ந்திருக்கும். ஃபைலைத் திருத்தி, ரீலோட் செய்து, ஏன் மாறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். செட்டிங்குகளைக் காட்டும் பிஜி_செட்டிங்ஸில் சோர்ஸ்ஃபைல் என்ற நெடுவரிசையைப் பார்க்கும் வரை காரணம் தெரியாது.

திறவுகோல்:
ஒர்க்_மெம் என்று ஒன்று இருக்கிறதே, சார்ட் மாதிரி வேலைகளுக்கு எவ்வளவு மெமரி என்ற செட்டிங், அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? எந்த கிராண்ட்டும் இல்லாத சாதாரண யூசர்கூட தன் செஷனில் அதை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். நாலு செஷனில் ஏற்றிவிட்டு பெரிய சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) ஓட்டினால் சர்வர் மெமரி காலி. இதைத் தடுக்க உங்கள் கிட்டிலும் வழியில்லை, ஆனால் லாக் வரம்புக்கு மட்டும் இத்தனை காவல்!

உண்மையிலேயே தரக்கூடாதவை வேறு. ஆர்கைவ்_கமாண்ட் கொடுத்தால் ஷெல் கமாண்டே (ஓஎஸ் கமாண்டே) கொடுத்த மாதிரி. சர்வர் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் ஷேர்ட்_பிரீலோட்_லைப்ரரீஸும் அந்த ரகம்தான். செஷன்_ரெப்ளிகேஷன்_ரோல் பார்க்க சாதுவாக இருக்கும், அதற்கு செட் உரிமை வாங்கியவர் ட்ரிகர்களையும் (தானாக ஓடும் ஃபங்ஷன்கள்) ஃபாரின் கீ சோதனையையும் (டேபிள்களுக்கிடையேயான தொடர்பைச் சரிபார்ப்பது) தன் செஷனில் அணைத்துவிடலாம். இந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கொடுப்பதில் என்ன தவறு?

மூன்றாம்வரிசை:
மைஎஸ்கியூஎல் (வேறொரு டேட்டாபேஸ்) ஆள் ஒருவனின் பொறாமைக் குரல். 8.0இல் சூப்பர் என்ற பெரிய உரிமைக்குப் பதிலாக சிஸ்டம்_வேரியபிள்ஸ்_அட்மின் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் ஓடும்போது மாற்றக்கூடிய குளோபல் வேரியபிள்களில் பெரும்பாலானவற்றைத் தொடலாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்காவது வசதி இருக்கிறது.

இரவுப்பணி:
மதிப்புதான் பிரச்சினை என்றால், செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் (அழைப்பவர் உரிமையில் அல்ல, தன் ஓனர் உரிமையில் ஓடுவது) ஒன்று எழுதி, 200க்குக் கீழே கேட்டால் மறுத்துவிடலாமே? உள்ளே ஆல்டர் சிஸ்டம் ஓடட்டும்.

கறார்கணக்கு:
ஓடாது. ஆல்டர் சிஸ்டம் ஃபைலில் எழுதும் வேலை, ரோல்பேக் செய்ய (திரும்பப் பெற) முடியாது. அதனால் ட்ரான்ஸாக்ஷனுக்குள்ளும் ஃபங்ஷனுக்குள்ளும் அதை அனுமதிப்பதில்லை.

திறவுகோல்:
சரி, அது முடியாது. ஆனால் ஆப் பயன்படுத்தும் ரோலுக்கு (டேட்டாபேஸ் யூசருக்கு) மட்டும் ஆல்டர் ரோல் செட் என்று ஃபங்ஷனுக்குள் எழுதலாம், அது ஓடும். இதுதான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஆட்டோ.கான்ஃபைத் தொடுவதில்லை, ரீலோட் வேண்டாம், சர்வரில் உள்ள மற்ற ஆப்களுக்குப் பாதிப்பில்லை.

ஒரு சிக்கல் மட்டும்: புதிதாக வரும் கனெக்ஷனுக்குத்தான் புது மதிப்பு. பூலில் (ஆப் திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன் தொகுப்பில்) ஏற்கெனவே திறந்து கிடக்கும் கனெக்ஷன்கள் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். பூலை ஒரு முறை புதுப்பித்தால்தான் லாக்கில் ஏதாவது தெரியும்.

கறார்கணக்கு:
பரவாயில்லை, ஆல்டர் சிஸ்டம் கிராண்ட்டைவிட இது மேல். ஆனால் எழுதும்போது கவனியுங்கள். புது ஃபங்ஷனை இயக்கும் உரிமை தானாகவே எல்லோருக்கும் போய்விடும். முதலில் அதைப் பறிக்க வேண்டும். சூப்பர்யூசர் பெயரில் ஓடும் ஃபங்ஷன் என்பதால் சர்ச்_பாத்தையும் (பெயர்களை எங்கே தேடுவது என்ற வரிசையையும்) அதற்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் அதே பெயரில் செய்துவைத்த ஃபங்ஷன் உள்ளே புகுந்து சூப்பர்யூசராக ஓடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. லாக்_ஸ்டேட்மென்ட்டை டிடிஎல் (கிரியேட், ஆல்டர் போன்ற கட்டளைகளைப் பதிவுசெய்) என்று வைத்திருந்தால், நேரடியாக அடிக்கும் ஆல்டர் ரோல் லாக்கில் பதிவாகும். ஃபங்ஷனுக்குள் நடந்தால் பதிவாகாது. சர்வர் பார்ப்பது ஃபங்ஷனை அழைக்க வெளியிலிருந்து வந்த செலக்ட்டை மட்டும்தான். ஆகவே யார், எந்த மதிப்புக்கு மாற்றினார் என்று ஃபங்ஷனே லாக்கில் எழுத வேண்டும். அங்கே கரன்ட்_யூசர் என்று போடாதீர்கள், ஃபங்ஷனின் ஓனர் பெயர்தான் வரும். செஷன்_யூசர் என்று போடுங்கள்.

திறவுகோல்:
பார்த்தீர்களா, கூடாது என்று ஆரம்பித்தவரே கோட் ரிவ்யூ செய்கிறார்! மாற்றியதைத் திருப்பி வைக்கவும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. காலையில் ஒரு கிரான் (நேரம் வைத்து தானாக ஓடும் வேலை) ஓடி ஆல்டர் ரோல் ரீசெட் அடிக்கட்டும்.

இரவுப்பணி:
ஃபங்ஷன் வழியே போகிறேன், கீழ் வரம்பு 200. 17க்கு மாறியதும், ஆல்டர் சிஸ்டத்தையே அனுமதிக்கும் அலவ்_ஆல்டர்_சிஸ்டத்தை ஆஃப் செய்துவிடலாம் என்றும் யோசிக்கிறேன்.

கறார்கணக்கு:
செய்யலாம், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். ஆவணத்திலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்யூசருக்கு அதைச் சுற்றிப் போக வேறு வழிகள் உண்டு. தெரியாமல் கை படுவதைத் தடுக்கும், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் டெவலப்பர்கள் டேட்டாபேஸுக்குள் ஆளுக்கொரு லாகினில் வருகிறார்களா?

இரவுப்பணி:
இல்லை. டீம் முழுக்க ஒரே லாகின்தான்.

கறார்கணக்கு:
அப்படியானால் செஷன்_யூசரிலும் அந்த ஒரே பெயர்தான் வரும். முதலில் லாகினைப் பிரியுங்கள். அதுவரை டிபிஏவை எழுப்புங்கள்.

திறவுகோல்:
லாகின் பிரிக்க எத்தனை வாரம் ஆகுமோ. அதுவரை ஐபி முகவரியையும் சேர்த்து லாக்கில் எழுதினால் போதும், யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கறார்கணக்கு:
எல்லோரும் ஒரே ஜம்ப் சர்வர் (இடைநிலை சர்வர்) வழியாக வந்தால்? ஐபியும் ஒன்றுதானே?