முதல் வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களுக்கு என்ன நடந்தது?

மேற்குத் தாம்பரத்திலிருந்து

பதினொரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன ஐப்பசியில்தான் நானும் கணவரும் வீடு தேடத் தொடங்கினோம். சின்னதாக இருந்தாலும் தனி வீடுதான் வேண்டும் என்று முடிச்சூர்ப் பக்கம் ஞாயிறுதோறும் அலைந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்பேன். ஓர் அம்மாள் பதில் பேசாமல் தன் வீட்டு ஜன்னலின் இரண்டாவது கம்பியில் விரலை வைத்துக் காட்டினார். அந்தத் தெருவுக்கே மறுபடி போகவில்லை.

ஆறாவதாகப் பார்த்த வீடு மேட்டுப் பகுதியில் இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, பின்கட்டில் உறைக்கிணறு, அதன் ஓரம் ஒரு சப்போட்டா மரம். உள்ளே நுழைந்ததுமே இதுதான் நம் வீடு என்று தோன்றிவிட்டது. உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். காபி கொடுத்து உட்காரவைத்து, "அந்தச் சப்போட்டா என் தங்கை நட்டது, அம்மா. இந்த வாசலில் பந்தல் போட்டுத்தான் அவளுக்குக் கல்யாணம் செய்தோம்" என்றார்.

கூட வந்த தரகர் அவசரப்படுத்தினார். மார்கழி பிறக்க நான்கு நாள்தான் இருக்கிறது, பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் பணம் மாற்ற மாட்டார்கள், சாயங்காலம் இன்னொருவர் டோக்கன் அட்வான்ஸோடு வருகிறார் என்றார். இரண்டு லட்சத்துக்குச் செக் என் கைப்பையில் இருந்தது. வெளியே எடுத்தும்விட்டேன். அப்போதுதான் என் மாமனார் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது: சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று காட்டும் மூலப்பத்திரம் பார்க்காமல் ஒரு ரூபாய் தராதே. செக்கைப் பைக்குள் வைத்துவிட்டு ஜெராக்ஸ் கேட்டேன். பட்டா, சொத்துவரி ரசீது, 13 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று) ஆகியவற்றைப் பெரியவர் கொடுத்தார். வில்லங்கம் எதுவும் இல்லை.

ஆனால் 13 ஆண்டு போதாது, குறைந்தது 30 ஆண்டுக்காவது பார்க்க வேண்டும் என்று கணவரின் நண்பரான வழக்கறிஞர் சொன்னார். பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் வில்லங்கத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். 1998இல் ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் தம்பி பெயர், எழுதி வாங்கியவர் என்ற கட்டத்தில் அண்ணன் பெயர். அவர்தான் எங்களுக்குக் காபி கொடுத்தவர். அதற்கு முன் 1981இல் அவர்களுடைய தந்தை மனை வாங்கிய கிரயப் பத்திரம். இவ்வளவுதான். மேலும் கீழும் நான்கு முறை பார்த்தேன். சப்போட்டா மரம் நட்ட தங்கையின் பெயர் எங்குமே இல்லை.

மறுநாள் போனில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவளுக்குப் போட வேண்டியதை எல்லாம் போட்டுத்தான் கட்டிக்கொடுத்தோம். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அம்மா" என்றார்.

மார்கழி பிறந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அந்த வீட்டை விடவும் மனம் வரவில்லை. இந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

பத்திரத்தில் நீங்கள் கண் வைத்தீர்கள், நாங்கள் கணக்கில் கோட்டைவிட்டோம். சரவணம்பட்டியில் புது அடுக்குமாடி, விலை 62 லட்சம். வங்கி எப்படியும் முக்கால்வாசிக்கு மேல் கொடுத்துவிடும், கையில் 13 லட்சம் இருக்கிறது, போதும் என்று நினைத்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது அதிகபட்சம் 49.6 லட்சம். மீதி 12.4 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். இதுவரை சரி. ஆனால் முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அந்த மதிப்பில் சேராது. 62 லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்றால் 4.34 லட்சம். வங்கி மேலாளர் மேசையில் கால்குலேட்டரைத் திருப்பி வைத்து அந்த எண்ணைக் காட்டியபோது என் மனைவி கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

விற்பனைப் பிரிவினர் திங்கட்கிழமைக்குள் 20 சதவீதம் கட்டச் சொன்னார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இதை நான் சொன்னதும் எதிரில் இருந்த தம்பியின் பேச்சே மாறியது. அதே மூச்சில் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்றும் கேட்டேன். 1,150 சதுர அடி என்று விளம்பரம் செய்த வீட்டில் சுவருக்குள் நாங்கள் நடமாடும் இடம் 840தான். எழுந்து வந்துவிட்டோம். இப்போது 48 லட்சத்துக்குள் தேடுகிறோம்.

மதுரையிலிருந்து

என்னுடையது சிறிய அனுபவம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, ஜெராக்ஸும் சரியாக இருந்தது. நம்பி 50,000 ரூபாய் கொடுத்தேன். அசல் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். பீரோ சாவி மகனிடம் இருக்கிறது, மகன் வெளியூரில் இருக்கிறான் என்றே பதில் வந்தது. அசல் பத்திரம் ஒரு வட்டிக்காரரிடம் அடகில் இருந்தது. பதிவு செய்யாமல் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் வராது. கொடுத்த பணம் ஏழு மாதத்தில் ஐந்தும் பத்துமாகத் திரும்பி வந்தது. அசலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்காமல் இனி எந்த வீட்டுக்கும் பணம் கொடுக்க மாட்டேன்.

திருச்சியிலிருந்து

தாம்பரத்துச் சகோதரிக்கு எழுதுகிறேன். நான் வீடு வாங்கியவள் அல்ல. அந்தத் தங்கையின் இடத்தில் இருந்தவள்.

எங்கள் தந்தை சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்தார். அதற்கு முன்பே தாய் போய்விட்டார். 2009இல் அண்ணன்மார் இருவரும் வீட்டை விற்றார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போய் இறங்கினால் எங்கள் வாசலில் வேறொரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "யாரைப் பார்க்க வேண்டும், அக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

மகளுக்குப் பங்கு வந்ததே 2005 சட்டத்துக்குப் பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பூர்வீகக் கூட்டுச் சொத்தைப் பற்றியது. தந்தையின் சுய சம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. வழக்குப் போடச் சொன்னார்கள். போட்டிருந்தால் அண்ணன்மாரோடு சேர்ந்து அந்தக் கோலம் போட்ட பெண்ணும் நீதிமன்றத்துக்கு அலைந்திருப்பாள். அவள் நகையை விற்று வாங்கியிருப்பாளோ, கடன் வாங்கி வாங்கியிருப்பாளோ. நான் போடவில்லை. ஆனால் எல்லாத் தங்கைகளும் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை, அவர்களுடைய பிள்ளைகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை.

"அவள் கேட்க மாட்டாள்" என்று அண்ணன் சொல்வதை நம்பாதீர்கள். நீங்களே நேரில் போய் அவரைப் பாருங்கள். என்னை யாராவது அப்படி வந்து கேட்டிருந்தால் அன்றே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மீண்டும் தாம்பரத்திலிருந்து

திருச்சி அக்காவின் பதிலைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பெரியவருக்குப் போன் செய்து வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். தாசில்தார் கொடுத்த அந்தச் சான்றில் மூன்று பெயர்கள் இருந்தன. தங்கையின் முகவரியையும் அவரே சொன்னார். மதுராந்தகம் பக்கம். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போனோம்.

அறுபத்தைந்து வயதிருக்கும். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "மரம் இன்னும் காய்க்கிறதா?" என்றுதான். விடுதலைப் பத்திரத்தைப் பற்றியே அவருக்குத் தெரியாது. ஜெராக்ஸை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்து வரிவரியாகப் படித்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அண்ணனுக்கு அவரே போன் செய்து உள்ளறைக்குப் போய்ப் பேசினார். அவர்களுக்குள் என்ன முடிவானது என்று நாங்கள் கேட்கவில்லை.

தை பிறந்து மூன்றாம் நாள் பெரியவர் அழைத்தார். அதே விலைதான். அட்வான்ஸ் செக்குகளை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தங்கை பெயரில் எழுதச் சொன்னார். பழைய செக்கைக் கிழித்துவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை விற்பனை ஒப்பந்தம். வழக்கறிஞர் அனுப்பிய வரைவு இப்போது என் முன்னால் இருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.