கோஸ்டா ரிக்கா கல்லூரிப் பயணம்: படிப்பா, கிரெடிட் ஒட்டிய சுற்றுலாவா?

கணக்கன்:
பெண் அமெரிக்காவில் உயிரியல் படிக்கிறாள். கோடையில் கல்லூரியே மூன்று வாரம் கோஸ்டா ரிக்கா கூட்டிப் போகிறதாம். வெப்பமண்டல இயற்கையும் உள்ளூர்ப் பண்பாடும் என்று பாடம், பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட்டும் உண்டு. லா செல்வா ஆய்வு நிலையம், மோன்டேவெர்டே மேகக்காடு, ஒஸ்தியோனால் ஆமைக் கடற்கரை, பிரிப்ரி பழங்குடி ஊர், நடுவில் ஜிப்லைன். கம்பியில் தொங்குவதற்கு எதற்கு கிரெடிட் என்று கேட்டேன், வீட்டில் சண்டை. செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அனுப்பலாமா?

ஒத்துக்காதவன்:
வேண்டாம். மூன்று வாரத்தில் நாலு இடம் என்றால் பாதி நேரம் வேனிலேயே போய்விடும். பண்பாடு என்பது ஒரு வேளை சோறும் கறுப்பு பீன்ஸும், ஒரு நடனம், ஒரு நினைவுப்பொருள் கடை, அவ்வளவுதான். இதில் விமானத்தில் போய் இறங்கி காலநிலை மாற்றம் பற்றி வகுப்பு வேறு!

மழைத்தவளை:
பெயருக்கேற்ற மாதிரியே பேசுகிறீர்கள் சார். நான் மாணவியாக இப்படி ஒரு பயணம் போனவள். லா செல்வா சொகுசு விடுதி இல்லை, 1960களிலிருந்து ஆய்வு நடக்கும் இடம். வருடத்துக்குச் சுமார் 4,000 மி.மீ. மழை, துவைத்த துணி காயவே காயாது, பாம்புக்குப் பயந்து ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் பாதையில் இறங்குவோம். அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, உடம்பு சிவப்பு, கால் நீலம். முட்டை பொரிந்ததும் தாய் தலைப்பிரட்டைகளை முதுகில் ஏற்றிப் போய், இலைக்கக்கத்தில் தேங்கிய தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டு, அப்புறம் அடிக்கடி வந்து கருவுறாத முட்டையை இரையாக இட்டு வளர்க்கும். கொசு பிடுங்க ஒரே செடி முன்னால் காலை முழுக்கக் குந்தியிருந்தோம். குறிப்பு எடுக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஒத்துக்காதவன்:
தவளை அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் மோன்டேவெர்டேயின் பொன்னிறத் தேரை எங்கே? 1972லேயே காப்பகம் ஆன காடு, 1989க்குப் பிறகு அந்தத் தேரை யார் கண்ணிலும் படவில்லை. காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் பூஞ்சை நோய் சேற்று பூட்ஸில் ஒட்டிக்கொண்டும் பரவக்கூடியது. ஒஸ்தியோனால் கடற்கரையிலோ 2015ல் சுற்றுலாக் கூட்டம் மறித்ததில் ஆமைகள் முட்டையிடாமல் கடலுக்கே திரும்பின. நீங்கள் அனுப்பும் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஒரு தலைதானே?

யாழினி:
கூட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஒஸ்தியோனாலில் பார்க்க வேண்டியது ஆமையை மட்டும் இல்லை. அங்கே வரும் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் கரையேறும்போது, முதலில் இட்ட முட்டைகளைப் பின்னால் வருபவை தோண்டிச் சிதைத்துவிடும். எப்படியும் வீணாகும் அந்த முதல் முட்டைகளை எடுத்து விற்க ஊராருக்கு 1987லிருந்து சட்டப்படி அனுமதி உண்டு, பதிலுக்கு ஊரார் கடற்கரையைச் சுத்தம் செய்து காவல் இருக்கிறார்கள். முட்டையைத் தொட்டால் குற்றம் என்றே படித்து வந்த மாணவர்களுக்கு இது தலையைச் சுற்ற வைக்கும்.

ஒத்துக்காதவன்:
இதோ, நாலு வரியில் எழுதினீர்கள், டிக்கெட் போடாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

மழைத்தவளை:
புரிந்தது திட்டம் சார், ஆட்கள் இல்லை. 1996 காட்டுச் சட்டத்துக்குப் பிறகு, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு எரிபொருள் வரியிலிருந்து காசு தருகிறார்கள், எங்கள் வாசிப்புப் பட்டியலில் எல்லாக் கட்டுரையும் அதை ஆகா ஓகோ என்றது. அதை வாங்கும் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், அவர் காட்டைப் பற்றிப் பேசவே இல்லை, விண்ணப்பம் நிரப்பி எந்த ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தார் என்றே அரைமணி நேரம் புலம்பினார். பக்கத்து நிலத்துக்காரர் மாடே மேல் என்று விட்டுவிட்டாராம். எந்தக் கட்டுரையிலும் அந்தப் புலம்பல் இல்லை.

ஒத்துக்காதவன்:
ஸ்பானிஷ் தெரிந்ததால் உங்களுக்குக் கேட்டது. தெரியாத பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வரும்.

யாழினி:
இது நியாயமான கேள்வி. பிரிப்ரி ஊரிலும் இதே பாடுதான். அவர்களுக்குக் குலம் தாய்வழி, சடங்குக்கான கக்காவோ (கோகோ) பானத்தைப் பெண்கள்தான் தயாரிப்பார்கள். ஏன் என்று திருப்பிக் கேட்க வாய் இல்லாவிட்டால் அது வெறும் சாக்லேட் செய்முறை வகுப்புதான்.

கணக்கன்:
பேராசிரியருக்கு எழுதினேன். ஜிப்லைன் விருப்பம் இருந்தால் மட்டும்தானாம், கிரெடிட்டில் சேராதாம். ஆமைக் கடற்கரைக்கு உள்ளூர் வழிகாட்டியுடன் சின்னக் குழுவாகத்தான் போவார்களாம். மொழிபெயர்க்க ஆள் உண்டா என்றும் கேட்டிருந்தேன், அதற்கு மட்டும் பதில் இல்லை. மகளுக்கு ஸ்பானிஷ் ஒரு வரி வராது.

ஒத்துக்காதவன்:
அந்தப் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

மழைத்தவளை:
அதுவரை அவளை ஸ்பானிஷ் வகுப்பில் சேருங்கள் அண்ணா.