அப்டேட் நிறுத்தப்பட்ட அலுவலகக் கணினிகள்: 80070422 பிழையை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்களிடம் ஐந்து கணினிகள் உள்ளன. நான்கில் விண்டோஸ் 11, பழையதான ஒன்றில் விண்டோஸ் 10.

மாதாந்தர விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சரியாக அந்த நாள்களில்தான் கணினிகள் "மறுதொடக்கம் செய்யவும்" என்று கேட்கத் தொடங்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று, கணினி பழுதுபார்க்க வந்த ஒருவர் எல்லாவற்றிலும் அப்டேட்டை நிறுத்திவிட்டுப் போனார். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. இப்போது எங்கள் வாடிக்கையாளரான ஒரு நிறுவனம், தங்கள் ஆவணங்களைக் கையாளும் கணினிகள் புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ளன என்று எழுத்துப்பூர்வமாக உறுதி கேட்டிருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், 80070422 என்று முடியும் பிழை எண்தான் வருகிறது.

இதைச் சரிசெய்வது எப்படி? இவ்வளவு காலம் விட்டுப்போன அப்டேட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து கணினிகளை முடக்கிவிடுமா? மூன்றாவது, எங்கள் மூத்தவர் கேட்கும் கேள்வி: "மாதாமாதம் ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள் என்றால் அந்த மென்பொருளை எப்படி நம்புவது? நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" அவருக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் வேண்டும்.

பதில்: சர்வர் அறை

ஐயா, அந்தப் பிழை எண்ணுக்குப் பொருள், தேவையான சேவை முடக்கப்பட்டிருப்பதால் தொடங்க முடியவில்லை என்பதே. கோப்புகள் எதுவும் கெட்டுப்போகவில்லை.

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறக்கவும். பட்டியலில் "விண்டோஸ் அப்டேட்" என்ற வரியை இருமுறை சொடுக்கினால், "ஸ்டார்ட்அப் டைப்" என்ற இடத்தில் "டிசேபிள்டு" என்று இருக்கும். அதை "மேனுவல்" என்று மாற்றி, அப்ளை கொடுத்து, பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவும். அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய சேவை அன்று, தேவைப்படும்போது விண்டோஸே எழுப்பிக்கொள்ளும் என்பதால் மேனுவல் என்பதே அதன் இயல்பான நிலை. அதே பட்டியலில் "பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்" என்பதும் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே நிறுத்துவார்கள்.

பிறகு அதே பெட்டியில் வின்வெர் என்று தட்டச்சு செய்தால் விண்டோஸின் பதிப்பு எண் தெரியும். ஒவ்வொரு கணினியிலும் அது என்ன என்று சொன்னால் மேற்கொண்டு வழி சொல்ல முடியும்.

பொருநைக்கரை

மிக்க நன்றி ஐயா. மூன்று கணினிகளில் 23எச்2, ஒன்றில் 22எச்2. மூன்று கணினிகளில் நீங்கள் சொன்னபடி மாற்றியதும் பிழை நீங்கிவிட்டது. ஆனால் 22எச்2 உள்ள கணினியில் மறுதொடக்கம் செய்தவுடன் சேவை மீண்டும் "டிசேபிள்டு" என்று மாறிவிடுகிறது. டவுன்லோட்ஸ் கோப்புறையில், அப்டேட்டைத் தடுப்பதற்கென்றே உள்ள ஒரு சிறிய நிரல் கிடக்கிறது.

பதில்: சர்வர் அறை

காரணம் அந்த நிரல்தான். அதை உடனே அழித்துவிட வேண்டாம். முதலில் அதையே திறந்து, அப்டேட்டை மீண்டும் இயக்கும் தேர்வைக் கொடுத்துவிட்டு, அதன்பின் நீக்கவும். வெறுமனே அழித்தால் அது மாற்றிவைத்த அனுமதிகள் அப்படியே தங்கிவிடும். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் அப்டேட் கொள்கைகளுக்கான இடத்தில் "நோ ஆட்டோ அப்டேட்" என்ற மதிப்பு 1 என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒன்றாக வந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. விண்டோஸின் மாதாந்தரத் திருத்தங்கள் திரள் முறையில் வருகின்றன. கடைசி மாதத்துக்குரியதில் அதற்கு முந்தைய மாதங்களுடையவை எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் உங்கள் கணினிகளுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. ஹோம், புரோ ஆகிய இரு வகைகளிலும் 22எச்2 பதிப்புக்கான திருத்தங்கள் 2024 அக்டோபர் 8 அன்றும், 23எச்2 பதிப்புக்கானவை 2025 நவம்பர் 11 அன்றும் முடிந்துவிட்டன. எனவே சேவையை இயக்கினால் மட்டும் போதாது, நான்கையும் 25எச்2 பதிப்புக்கு உயர்த்தியாக வேண்டும். பல ஜிபி அளவுள்ள பதிவிறக்கம் என்பதால், செட்டிங்ஸில் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" என்பதை உள் வலையமைப்புக்கு மட்டும் இயக்கிவைத்தால், முதல் கணினி இறக்கியதில் பெரும்பகுதியை மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். கணக்கு மென்பொருளான டேலியின் தரவையும் வாடிக்கையாளர் கோப்புகளையும் வெளி வட்டில் படியெடுக்காமல் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

பதில்: நிரலோடை

மூத்தவரின் கேள்வி நியாயமானது, அதற்கு நேரான விடையும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரை. இரண்டாவது செவ்வாய் என்பது 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 கெடுவுடன் அது மோதுவதற்குக் காரணம் இந்த நாள்காட்டிதான், வேறொன்றுமில்லை.

ஓட்டைகள் ஏன் தீர்வதில்லை? விண்டோஸும் உலாவிகளும் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. இம்மொழிகளில் நினைவகத்தின் எல்லையை நிரலாளரே கவனித்துக்கொள்ள வேண்டும். தங்கள் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகக் கையாளலில் நேர்ந்த பிழைகள் என்று 2019இல் மைக்ரோசாஃப்டும், தீவிரமான குறைகளைப் பொறுத்தவரை அதே அளவை 2020இல் குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியத்தின் குழுவும் தெரிவித்தன. 2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரல்தொகுப்பில், திட்டமிட்டுச் சிதைக்கப்பட்ட ஒரு படத்தைக் கொடுத்தால், ஒதுக்கிய இடத்தையும் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும் குறை இருந்தது. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் அதைத் தெரிவிக்கும்போதே அது தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. குரோம் செப்டம்பர் 11 அன்றும் ஃபயர்ஃபாக்ஸ் மறுநாளும் திருத்தம் வெளியிட்டன. அதே தொகுப்பை உள்ளே வைத்திருந்த எத்தனையோ செயலிகள் அடுத்தடுத்து அப்டேட் கேட்டன. பயனருக்கு அது பத்து மென்பொருள்களின் பத்துக் குறைகளாகத் தெரிந்தது. உண்மையில் ஒரே ஓட்டை.

தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. திருத்தம் வெளிவந்த மறுகணமே, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது எனக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவரை ஒரு சிலருக்கே தெரிந்திருந்த குறை அன்று முதல் யாரும் படித்தறியக்கூடியதாகிவிடுகிறது. அதனால் திருத்தத்தை ஏற்காத கணினி, திருத்தமே வராத காலத்தைவிடவும் மோசமான நிலையில் நிற்கிறது.

"நம்மிடம் திருட என்ன இருக்கிறது" என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரலைச் சொல்லுங்கள். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது, தாக்குதல் நடந்ததோ மே 12. இரண்டு மாத அவகாசம் இருந்தும் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தன, ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும் அகப்பட்டன. அது யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. திறந்திருந்த கணினிகளைத் தானே தேடிப்பிடித்து, கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. இன்னொன்றும் சொல்வேன்: வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள், பெயர்ச்சீட்டு ஒட்டிய டிஎஸ்சி (மின்னணுக் கையொப்ப) டோக்கன்கள், போர்ட்டல் கடவுச்சொற்கள் எல்லாம் அடங்கிய ஒரே எக்செல் கோப்பு என்று ஒரு வரி அலுவலகத்தில் இருப்பவற்றை எண்ணிப்பார்த்தால், திருட ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

பதில்: பழைய சிபியு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமானங்கள் நின்றதற்குக் காரணம் தாக்குதல் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டினால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டே தந்த கணக்கு. அவற்றில் பலவற்றை ஒருவர் நேரில் சென்று, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழித்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. கெடு நாளில் அலுவலகம் அப்படி முடங்கினால் யார் பொறுப்பு?

பதில்: நிரலோடை

மறுக்கவில்லை ஐயா. ஆனால் அந்தக் கோப்பு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்ததும் அன்று, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்படாமல் இருந்திருந்தால் இவ்வளவு சேதமும் நேர்ந்திராது. படிப்படியாக அனுப்பு என்பதுதான் அதிலிருந்து கற்க வேண்டியது, அனுப்பாதே என்பதன்று. ஐந்து கணினி உள்ள அலுவலகத்திலும் அப்படிச் செய்யலாம். தாக்கல் வேலை குறைவாக உள்ள ஒரு கணினியில் புதன்கிழமையே திருத்தத்தை ஏற்கட்டும். அதில் அச்சுப்பொறி, டிஎஸ்சி கையொப்பம், டேலி மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, கெடு முடிந்த மாலையில் மற்றவற்றில் இறக்கலாம். புரோ வகையில் மாதாந்தரத் திருத்தங்களை 30 நாள் வரை தள்ளிவைக்கும் கொள்கை அமைப்பு உண்டு. ஹோம் வகையில் "பாஸ் அப்டேட்ஸ்" மூலம் ஒரு வாரம் நிறுத்திவைத்தால் போதும். "ஆக்டிவ் அவர்ஸ்" என்பதில் காலை எட்டு முதல் இரவு பத்து வரை என்று கொடுத்துவிட்டால், அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. முழுவதுமாக நிறுத்துவதற்கு எந்தத் தேவையும் இருந்ததில்லை.

பதில்: காப்பகம்

இந்த உரையாடலில் விண்டோஸ் மட்டுமே பேசப்படுகிறது. நினைவூட்டிக்கொண்டே இருக்கும் மென்பொருளைவிட, ஒருபோதும் நினைவூட்டாத மென்பொருள்தான் என்னை அஞ்ச வைக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் பில்களை ரார் கோப்பாகக் கட்டி அனுப்புவார்கள் அல்லவா? அவற்றைத் திறக்கும் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. நிறுவிய நாளில் என்ன பதிப்போ அதுவே இருக்கும்.

2019 பிப்ரவரியில், அதிலிருந்த ஏஸ் வகைக் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் 19 ஆண்டுகளாக இருந்த குறையை செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. அப்பகுதியின் மூல நிரல் தங்களிடம் இல்லாததால், வின்ரார் தயாரிப்பாளர்கள் 5.70 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள். 2023இல் வேறொரு குறை: கட்டுக்குள் தெரியும் படத்தைச் சொடுக்கினால், அதே பெயருள்ள கோப்புறையில் ஒளிந்திருக்கும் நிரல் ஓடிவிடும். 6.23 பதிப்பில் அதைத் திருத்துவதற்கு மாதங்களுக்கு முன்பே பங்குச்சந்தை வணிகர்களைக் குறிவைத்து அது பயன்பட்டிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று வந்த 7.13 பதிப்பு அடைத்தது மூன்றாவது ஓட்டையை. அதில் கட்டைப் பிரித்தாலே, கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு நிரலைக் கொண்டுபோய் வைத்துவிட முடியும்.

வின்ராரைத் திறந்து, ஹெல்ப் பட்டியலில் "அபவுட்" என்பதைப் பாருங்கள். 7.13க்குக் கீழே இருந்தால் இன்றே மாற்றுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகள் ரார் கோப்பைத் தாமே திறக்கும்.

பொருநைக்கரை

பார்த்தேன். இரண்டு கணினிகளில் 5.61. அதிலும் ஒன்று, வாடிக்கையாளர் மின்னஞ்சல்களைத் திறக்கும் கணினி. இரண்டிலும் நீக்கிவிட்டேன்.

தடுப்பு நிரலைத் திறந்து அப்டேட்டை இயக்கி, பிறகு நீக்கியதும் சேவை நிலையாக நிற்கிறது. முதல் கணினி 25எச்2க்கு உயர்ந்துவிட்டது, கையொப்பமும் அச்சும் சரியாக உள்ளன. மற்ற மூன்றை ஞாயிற்றுக்கிழமை செய்யவிருக்கிறோம். மூத்தவர் வான்னாகிரை பற்றிய பதிலைப் படித்துவிட்டு, கடவுச்சொல் எக்செல் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று கேட்டார். ஐந்திலும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று: விண்டோஸ் 10 உள்ள கணினியை என்ன செய்வது? அதன் செயலி பழையது, 11ஐ ஏற்காது.

பதில்: சர்வர் அறை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆனால் வீட்டுப் பயனர்களுக்கான எளிய பதிவு முறை அலுவலகங்களுக்கு உரியது அன்று. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டுக் கட்டணம் 61 டாலர், அடுத்த ஆண்டு அது இரு மடங்காகும். செயலியே ஏற்காத கணினிக்கு அந்தச் செலவை நான் செய்யமாட்டேன். போர்ட்டல் வேலையையும் மின்னஞ்சலையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, இணைய இணைப்பைத் துண்டித்து, ஸ்கேன் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன்களை உள் வலையமைப்பு வழியாக அனுப்ப வேண்டாம், பென்டிரைவில் எடுத்து, திருத்தம் பெற்ற கணினியில் வைரஸ் சோதனை செய்து திறக்கவும். நிறுவனத்துக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதத்தில் அந்த ஒரு கணினியைத் தனியாகக் குறிப்பிட்டு, அவர்களுடைய ஆவணங்கள் அதில் கையாளப்படுவதில்லை என்று எழுதிவிடுங்கள். அங்குள்ள எக்செல் படியை அதற்கு முன்பே நீக்கிவிடவும்.