குழந்தை "இந்த வீடு வேண்டாம்"னு அழறா, சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. உதவுங்க

புதுவரவு: வெளிநாடு வந்து ரெண்டு மாசம்தான். 8 வயசுப் பொண்ணு, தினமும் "ஊருக்கே போயிடலாம்"னு அழறா. அவ கட்டிலுக்குப் பின்னாடி சுவர் முழுக்கப் பூஞ்சை, ராத்திரியெல்லாம் இருமல். ஓனர் "ஜன்னலைத் திறங்க"ன்னு மட்டும் சொல்றார். என்ன பண்ண?

கனடாக்காரன்: முதல் குளிர்காலம் எல்லாருக்கும் கஷ்டம்தாங்க. தமிழ்ப் பள்ளியில சேர்த்துவிடுங்க, நாலு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சா வீடும் பழகிடும்.

ஆர்கே: பள்ளி அப்புறம். ஜன்னலை நாள் முழுக்க லேசாத் திறந்தே வைங்க.

சிவில்_அண்ணன்: வேண்டாம்மா. லேசாத் திறந்தே கிடந்தா சுவர் குளிர்ந்து, அதுலயே ஈரம் படியும். காலையிலயும் சமையல் முடிஞ்சதும் எதிரெதிர் ஜன்னலை 10 நிமிஷம் முழுசாத் திறந்து மூடுங்க. அறை 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஒரு லோடு துணியை உள்ளே காயப்போட்டா ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணி காத்துல சேரும். பாத்ரூம்ல கதவைச் சாத்தி, காத்தை வெளியே தள்ளுற எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் காயவைங்க. கட்டிலை வெளிச்சுவர்ல இருந்து ஒரு கை அகலம் நகர்த்துங்க.

ஆர்கே: ஹீட்டிங் பில்லை யார் கட்றது? வாங்குற வாடகைக்கு எந்த ஓனரும் ரிப்பேர் வேலை செய்ய மாட்டான்.

கனடாக்காரன்: எழுதிக் கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஒரு வருஷம் பொறுத்து மாறிடுங்க.

லதா_அக்கா: இருமுற குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு வருஷமா? தங்கச்சி, எந்த ஊர், யார் வீடுன்னே நீ சொல்லலியே.

புதுவரவு: மன்னிக்கணும் அக்கா. லண்டன், ஈஸ்ட் ஹாம். தனியார் வாடகை, ஒரே பெட்ரூம்.

லதா_அக்கா: அப்போ கேளு. இங்கிலாந்துல 2018 சட்டப்படி வீடு குடியிருக்கத் தகுதியா இருக்கணும், ஈரமும் பூஞ்சையும் அதுல அடக்கம். காரணமே சொல்லாம காலி பண்ணச் சொல்ற 'செக்ஷன் 21' நோட்டீஸ் 2026 மே 1 முதல் கிடையாது. ஆபத்தான ஈரம், பூஞ்சைப் புகாரைக் கவனிக்க 24 மணி நேரம், 10 வேலை நாள்னு கெடு வைக்கிற அவாப் சட்டம் இப்போதைக்குக் கவுன்சில் (உள்ளாட்சி), லாப நோக்கமில்லாத ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்குத்தான். அதை நம்பி ஓனர்கிட்ட வாதாடாதே.

துடைக்கிறதுக்கு முன்னாடி தேதியோட ஃபோட்டோ எடு. ஈமெயில்லதான் புகார், குழந்தையோட இருமலையும் எழுது, ஜிபி-கிட்டயும் (குடும்ப டாக்டர்) சொல்லிப் பதிவு பண்ணு. சரியான பதில் வரலேன்னா உங்க ஏரியாவோட நியூஹாம் கவுன்சில்ல வாடகை வீடுகளைப் பார்க்கிற பிரிவுக்கு எழுதி, வந்து பார்க்கச் சொல்லு.

சிவில்_அண்ணன்: "நீங்க வாழற விதம்தான் காரணம்"னு ஓனர் சொல்வார். மழைக்கப்புறம் பழுப்புக் கறை பெருசானா வெளியில இருந்து கசிவு. தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்ள உப்புக்கோடு தெரிஞ்சா அடியிலிருந்து ஏறுற ஈரம். ரெண்டும் அவர் பொறுப்பு. மூலையிலயும் அலமாரிக்குப் பின்னாடியும் மட்டும் கறுப்புன்னா காத்து ஈரம். அதுக்கும் ஓடாத ஃபேன், குளிர் தாங்காத சுவர் காரணமா இருக்கலாம். ஈரப்பத மீட்டர் ஒண்ணு வாங்கி தினமும் குறிச்சு வைங்க. 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். பூஞ்சையைக் காஞ்ச பிரஷ்ஷால தேய்க்காதீங்க, தூள் பறக்கும். பூஞ்சைக்கொல்லி தெளிச்சு ஈரத்துணியால துடைங்க, அப்போ பொண்ணு அந்த அறையில இருக்க வேண்டாம். பிளீச்சோட வேற எந்த கிளீனரையும் கலக்காதீங்க.

லதா_அக்கா: அவகிட்டயே கேளு: நாத்தமா, குளிரா, தனக்குன்னு இடம் இல்லாததா, ஃப்ரெண்டைக் கூப்பிட முடியாததா? பதிலுக்குத் தகுந்தாப்ல செய்யணும். ஒரே பெட்ரூம்ல அறை கொடுக்க முடியாது. ஆனா உள்சுவர் பக்கம் கட்டில், ஒரு திரை, அவ கைக்கு எட்டுற ஸ்விட்சோட விளக்கு, டிவி சத்தம் எட்டாத மேஜை, இதெல்லாம் இந்த வாரமே முடியும். திரைத்துணி நிறத்தை அவளே எடுக்கட்டும்.

புதுவரவு: கேட்டேன் அக்கா. நாத்தம்தானாம், யூனிஃபார்ம்லயும் அடிக்குதாம், கிளாஸ்ல சொல்றாங்களாம்.

லதா_அக்கா: அப்போ அலமாரிதான் முதல் வேலை. இன்னைக்கே சுவரை விட்டு நகர்த்து, துணியெல்லாம் துவைச்சு நல்லாக் காஞ்சப்புறம் உள்ளே வை. ஈமெயில்ல அந்த யூனிஃபார்ம் விஷயத்தையும் சேர்த்து எழுது.