பெரியப்பா கடை டாஸ் புரோகிராம் ரெண்டும் படுத்துருச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க

மூட்டைக்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் பெரியப்பா மொத்தப் பலசரக்குக் கடை வெச்சிருக்காரு. 1995ல இருந்து ரெண்டு டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) புரோகிராம்லதான் கடையே ஓடுது. ஒண்ணு கிளிப்பர்ங்கற பழைய டேட்டாபேஸ் மொழில எழுதுன ஸ்டாக்கு பில்லு, இன்னொண்ணு டர்போ பாஸ்கல்ங்கற மொழில எழுதுன வட்டிக்கணக்கு. எழுதிக் குடுத்தவரு இப்ப எங்க இருக்காருன்னே தெரியல, சோர்ஸும் (எழுதுன மூலம்) கிடையாது, எக்ஸி (ஓட்டுற ஃபைல்) மட்டும்தான். போன மாசம் வரைக்கும் ஒரு 486 (பென்டியத்துக்கு முந்தின ப்ராசஸர்) மெஷின்லயே ஓடுச்சு, சத்தியமா. அது ஒரேயடியா போயிருச்சு, சரின்னு எங்க வீட்டுல சும்மா கெடந்த பென்டியம் 4ஐ தூசி தட்டி (விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ராம்) பழைய ஹார்டு டிஸ்க்க மாட்டி ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணிட்டேன்.

இப்ப என்னன்னா வட்டிக்கணக்கு தொறக்குறதுக்கு முன்னாடியே "ரன்டைம் எரர் 200"னு ஒரு வரி, பக்கத்துல ஏதோ நம்பர், கோலன், 0091, அவ்ளோதான் பிராம்ப்ட் வந்து நிக்குது. ஸ்டாக்கு தொறக்குது, பில்லும் போடுது, ஆனா மாசக்கடைசி ரிப்போர்ட் குடுத்தா ஓப்பன் எரர்னு ஒரு என்டிஎக்ஸ் (இன்டெக்ஸ் ஃபைல்) பேரு காட்டி "டாஸ் எரர் 4". இது போக திடீர் திடீர்னு மெஷினே உறைஞ்சிருது, கேப்ஸ் லாக் லைட்டு கூட எரிய மாட்டேங்குது. வைரஸா ராமா ஒண்ணும் புரியல. பெரியப்பா வேற "கால்குலேட்டர்லயே போட்டுருப்பேன்டா"ன்னு காலைல இருந்து ஆரம்பிச்சுட்டாரு.

வேகம்99:

ப்ரோ ரெண்டு நிமிஷ வேலை, விண்டோஸ் 10 64 பிட் போட்டு விட்ருங்க, எல்லாம் சரியாயிரும்.

ஃப்ளாப்பி மாமா:

தம்பி வேகம், 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் டாஸ் புரோகிராம் தொறக்கவே தொறக்காது, இப்ப ஓடுற பில்லும் சேர்ந்து நின்னுரும். அவசரப்பட்டு எதையும் ஃபார்மட் பண்ண வைக்காதீங்க.

மூட்டைக்கணக்கு தம்பி, மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒரே எடத்துல ஒரே மெசேஜோட விழுந்தா புரோகிராம் பக்கம் பாக்கணும், எடம் மாறி மாறி விழுந்தா மெஷின் பக்கம். அப்படிப் பாத்தா உங்களுக்கு மூணும் மூணு வியாதி.

எரர் 200 ரொம்பப் பழைய கதை. 1992ல வந்த டர்போ பாஸ்கல் 7ல சிஆர்டின்னு ஒரு யூனிட் (ரெடிமேட் கோடு தொகுப்பு) உண்டு, ஸ்கிரீன்ல கலர் போட, கொஞ்சம் நிறுத்தி வைக்க எல்லாத்துக்கும் அதத்தான் சேப்பாங்க. அது புரோகிராம் ஆரம்பிக்கும்போதே மெஷின் என்ன வேகம்னு அளந்து பாக்கும். கடிகாரத்தோட ஒரு தட்டுக்கு 55 மில்லிசெகண்ட், அதுக்குள்ள சும்மா எத்தன சுத்து சுத்த முடியுதுன்னு எண்ணி 55ஆல வகுத்து வெச்சுக்கும். அந்த விடைக்கு ஒதுக்குனது 16 பிட், 65535க்கு மேல கொள்ளாது. 486ல விடை சின்னது, அடங்கிருச்சு. பென்டியம் 4ல சுத்து 36 லட்சத்தத் (65535ஐ 55ஆல பெருக்குனா வர்றது) தாண்டிருது, மரக்காலுக்குள்ள மூட்டையக் கவுத்த மாதிரிதான். அப்படி வழிஞ்சாலும் ப்ராசஸர் பூஜ்யத்தால வகுத்தா போடுற அதே கூச்சலத்தான் போடும், அதான் 200. உங்க வட்டிக்கணக்குல ஒரு தப்பும் இல்ல, மெஷின் வேகம் கூடிப் போச்சு, அவ்ளோதான். டிபிபேட்ச்னு சின்ன புரோகிராம் கிடைக்கும், எக்ஸிக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு அதுல ஓட்டுங்க, அந்த எடத்த மட்டும் திருத்திக் குடுக்கும். எதுவும் கிடைக்கலன்னு சொன்னா எக்ஸிய அமுக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், மொதல்ல விரிச்சுட்டு ஓட்டணும். இல்லன்னா டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் மெஷின் மாதிரியே நடிக்கிற புரோகிராம்), அதுல கன்ட்ரோல் எஃப் 11 அழுத்தி வேகத்தக் கொறைச்சுக்கலாம், ஆனா டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தா யோசிங்க, சாதா டாஸ்பாக்ஸ்ல பிரிண்டர் போர்ட்டே கிடையாது, டாஸ்பாக்ஸ் எக்ஸ்லதான் உண்டு.

எரர் 4ன்னா ஃபைல் நெறைய தொறந்துருச்சுன்னு அர்த்தம். டாஸ் ஒரு புரோகிராமுக்குக் குடுக்குறது 20 ஃபைலுக்கு எடம், அதுல கீபோர்டு ஸ்கிரீன் பிரிண்டர்னு 5 அங்கயே போயிரும். ஸ்டாக்கு, பார்ட்டி, பில்லு, லெட்ஜர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு என்டிஎக்ஸ், எண்ணிப் பாருங்க, பில்லு போடும்போது தாங்கும், மாச ரிப்போர்ட்ல எல்லாத்தையும் ஒண்ணா தொறக்கும்போது தாங்காது. நீங்க ஃபோல்டர மட்டும்தான காப்பி பண்ணீங்க? பழைய டிஸ்க்குல வெளிய கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட்னு ரெண்டு இருக்கும், தொறந்து ஃபைல்ஸ் எவ்ளோ, செட் கிளிப்பர்னு வரி இருக்கான்னு பாருங்க, எத்தன ஃபைல் தொறக்கலாம்னு சொல்றது இது ரெண்டும்தான். எக்ஸ்பில அதே வரிகள சிஸ்டம்32 உள்ள இருக்குற கான்ஃபிக்.என்டிலயும் ஆட்டோஎக்ஸெக்.என்டிலயும் போடணும். போட்டுட்டு டாஸ் விண்டோவ மூடித் தொறக்க மறந்துராதீங்க, நான் ஒருக்கா மறந்துட்டு அரை நாள் முழிச்சிருக்கேன்.

ஈயப்பத்து:

உறையுறதுக்கு நான் சொல்றேன், மாமாவுக்கு சால்டரிங் அயர்ன்னா அலர்ஜி 😄 மொதல்ல பிளக்க புடுங்குங்க. ராம கழட்டி அந்தத் தங்கக் கலர் பல்ல பென்சில் ரப்பரால தேச்சு மாட்டுங்க. மெம்டெஸ்ட்86+ (ராம சோதிக்கிற புரோகிராம்) ராத்திரி பூரா ஓட விடுங்க, ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் வேண்டாம். அப்புறம் ப்ராசஸர் பக்கத்துல நிக்கிற கெப்பாசிட்டர் தலையப் பாருங்க, தட்டையா இருக்கணும், உப்பியிருந்தாலோ பழுப்பா ஏதாச்சும் கசிஞ்சிருந்தாலோ அதான் வில்லன், அந்தக் காலத்து போர்டுல இது ரொம்ப சகஜம். தேதி தப்பா காட்டுதா? காட்டுனா போர்டுல இருக்குற 2032 பட்டன் செல்லையும் மாத்திருங்க, இல்லன்னா பில்லு பூரா பழைய தேதில ஏறி உக்காந்துக்கும்.

மூட்டைக்கணக்கு:

மாமா, பழைய டிஸ்க்குல ஃபைல்ஸ்=99, செட் கிளிப்பர்=எஃப்:80ன்னு அப்படியே இருந்துச்சு!! ரெண்டையும் எக்ஸ்பில போட்டேன், ரிப்போர்ட் ஓடிருச்சு, 14 பக்கம் கர்ருகர்ருன்னு அடிச்சுத் தள்ளுச்சு. டிபிபேட்சும் ஒரே தடவைல வேலை செஞ்சுது, பழைய வட்டி ரசீது நாலு எடுத்து சரி பாத்தோம், பைசா மாறல.

ஈயப்பத்து அண்ணே, மெம்டெஸ்ட் சுத்தம். ஆனா கெப்பாசிட்டர் மூணு கோலிக்குண்டு மாதிரி உப்பிக் கெடக்கு. 1500ன்னும் (மைக்ரோஃபாரட்) 6.3ன்னும் (வோல்ட்) எழுதிருக்கு. நம்ம பஜார்ல 10 வோல்ட்டுதான் இருக்காம், போடலாமா?

ஈயப்பத்து:

வோல்ட் கூட இருந்தா தப்பில்ல, கொறையத்தான் கூடாது. லோ ஈஎஸ்ஆர்னு (உள்தடை கொறைவான வகை) கேட்டு வாங்குங்க, 105 டிகிரி போட்டிருக்கணும், உயரமும் தடிமனும் எடத்துல ஒக்காருமான்னு பழசக் கையோட கொண்டு போய் பாருங்க. கோடு போட்ட பக்கம் மைனஸ், மாத்தி வெச்சா வெடிக்கும். மாத்துற வரைக்கும் டேட்டாவ பென்டிரைவ்ல ரெண்டு காப்பி போட்டு வைங்க.