வெளிநாட்டில் திருமணம்: மணமாகாதவர் என்ற சான்றுக்கு நோட்டரி கையொப்பம் போதுமா?

கேள்வி: வணக்கம். என் வருங்கால மனைவியின் நாட்டில் பதிவுத் திருமணம் செய்யவிருக்கிறோம். நான் மணமாகாதவன் என்பதற்கான சான்றை முறைப்படி உறுதிசெய்து கொண்டுவருமாறு அங்குள்ள பதிவாளர் கேட்கிறார். நோட்டரி முன் கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரம் போதுமா, அப்போஸ்டிலும் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு அதிகாரிகள் இணைக்கும் சான்று) வேண்டுமா?

பதில் 1: நோட்டரி முத்திரை மட்டும் பெரும்பாலும் செல்லாது. இரு நாடுகளுக்கும் இடையே 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தால், ஆவணம் வழங்கப்பட்ட நாட்டில் பெறும் அப்போஸ்டிலே போதும். தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இல்லையெனில், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தைப் பெற்று, அதன்பின் மணம் நடக்கும் நாட்டின் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கும். பழைய குறிப்புகளை நம்பிவிடாதீர்கள். சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஆனால் அப்போஸ்டில் என்பது ஆவணத்திலுள்ள கையொப்பம், கையொப்பமிட்டவரின் பதவி, முத்திரை ஆகியவை உண்மையானவை என்று மட்டுமே உறுதிசெய்கிறது. நீங்கள் மணமாகாதவர் என்று அது சொல்வதில்லை. ஆகவே, பிரமாணப் பத்திரத்தை ஏற்பாரா, அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றிதழைத்தான் கேட்பாரா என்பதைப் பதிவாளரிடம் எழுத்துமூலம் கேட்டுவிட்டுச் செலவில் இறங்குங்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால், அப்போஸ்டில் பெற்ற பிறகு செய்வதே பொதுவாக நல்லது; அந்தத் தாளிலுள்ள வாசகங்களையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிடலாம்.

பதில் 3: தேதியையும் கவனியுங்கள். பல நாடுகள் 3 அல்லது 6 மாதங்களுக்கு முற்பட்ட சான்றை ஏற்பதில்லை. பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.